மூன்று 'பா'வுக்கு வந்த விருந்தாளிகள்

ஸல்த் ஊரின் மேட்டுத் தெரு ஆரம்பப் பள்ளிக் காப்பிக்கு ஈடாக அந்த மலையில் வேறு காப்பி கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டது தலைமையாசிரியை வஜீஹாதான் என்றாலும் அதில் பொய் இல்லை. கொட்டையைத் தன் வீட்டிலேயே வறுத்து, ஏலக்காயைத் தன் கையாலேயே இடித்துக் கொண்டுவருவார். பள்ளி வாசலை மிதித்தவர் குடிநீர்க் குழாய் சரிபார்க்க வந்தவராக இருந்தாலும் காப்பி குடிக்காமல் திரும்ப முடியாது. போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டிக் காட்டுவார்கள். வஜீஹாவுக்கு அந்த நேரம் பார்த்துக் கண் ஜன்னல் பக்கம் போய்விடும். அடுத்த கோப்பை நிறைந்திருக்கும்.

காப்பி ஊற்றுவதில் மட்டுமல்ல, குடிக்காமல் இருப்பதிலும் அவர் கெட்டிக்காரி. பள்ளியின் பின்பக்க மதில் ஒரு மழையில் சரிந்து விழுந்தது. அதைக் கட்டித்தரச் சொல்லி ஒன்றரை வருஷம் நடையாய் நடந்து பார்த்தார். பிறகு ஒரு மாலை கல் வியாபாரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். காப்பி வந்தது. வாங்கிக் கொண்டார், குடிக்காமல் தன் முன்னால் கீழே வைத்தார். பெண் கேட்டு வந்தவர்களும், கொலைப்பழிக்குச் சமாதானம் பேச வந்தவர்களும் செய்கிற காரியம் அது. விருந்தாளி தொடாத காப்பி ஆறிப்போனால் வீட்டுக்காரன் மானமும் கூடவே போய்விடும். கல் வியாபாரி என்ன ஏது என்று கேட்கவில்லை. "குடிங்க ஸித் வஜீஹா, வந்த காரியம் முடிஞ்சுது" என்றார், பெண்களுக்கு மரியாதையாகப் போடும் அந்த 'ஸித்'தை விடாமல். முடிந்த காரியம் ஒரு முழு மதில் என்பது அவர் குடித்து முடித்த பிறகுதான் அந்த மனிதருக்குத் தெரிந்தது.

இப்படி ஊரில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிவிடுகிற வஜீஹாவுக்கு ஒருத்தியிடம் மட்டும் வாய் வரவில்லை. அவள் லமீஸ். மூன்றாம் வகுப்பில் 'பா' என்ற இரண்டாம் பிரிவின் ஆசிரியை.

டிசம்பர் மழை நாளொன்றில் லமீஸ் தலைமையாசிரியை அறைக்கு வந்து, மண்ணெண்ணெய் அடுப்பின் முன் ஈரக் கையை நீட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ஸித், தலைநகர் அம்மான்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கூப்பிடறாங்க. வகுப்புக்கு இருபது பிள்ளைங்கதானாம்."

பதினெட்டு ஆசிரியைகளில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள் என்று சொன்னால் வஜீஹா யோசிக்காமல் கை நீட்டுவது லமீஸைத்தான். லமீஸ் போனால் அந்த நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகளை யார் கட்டி மேய்ப்பது? போகாதே என்று அங்கேயே அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருத்தியிடம் கெஞ்சியது தெரிந்தால் மீதிப் பதினேழு பேரும் நாளைக்கு அதே அடுப்பின் முன்னால் கை காய வந்து நிற்பார்களே என்று தோன்றியது. தலைமையாசிரியை என்றால் ஒரு கெத்து வேண்டாமா?

"நல்ல சேதிதான். அங்கே மழையும் கம்மி" என்றார்.

லமீஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்குப் போகணும்னு ஆசையில்ல ஸித். நாப்பத்திமூணு பேர்ல ஒன்பது பேருக்கு எழுத்துக் கூட்டவே வரல. பக்கத்துல உக்காந்து, அவங்க திக்கித் திணறிப் படிக்கிறத ஆளுக்குப் பத்து நிமிஷம் கேக்க யாராச்சும் வேணும். என்கிட்ட இருக்கறது ரெண்டே காது."

"காதுதானே? நான் கொண்டாறேன்."

"சும்மா வந்து போனா போதாது. ஒரு பிள்ளைக்கு ஒரே ஆளா வரணும். நேரா வந்து அதுகூட உக்காரணும். அது தடுமாறும்போது வாயை மூடிட்டிருக்கணும். அவ்ளோதான் ஸித். என் வகுப்புக்குப் பக்கத்துல பழைய மேசையெல்லாம் போட்டு வெச்சிருக்கற அறை இருக்கில்ல, அதைக் குடுத்தாப் போதும்."

"நீ போய் வகுப்பைப் பாரு மகளே. ஊரையே கூட்டிட்டு வந்து நிறுத்தறேன்" என்றார் வஜீஹா. போகாதே என்று சொல்லாமல் சொல்லிவிட்டதாக அவருக்கு ஒரு திருப்தி.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு படிக்கட்டுத் தெருக்களில் ஏறி இறங்கினார். மூன்று பேர் சிக்கினார்கள். ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற அபூ நவ்ஃபல். நாள் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்த உம் ஜரீர், அதாவது ஜரீரின் அம்மா; மூத்த மகன் பெயரோடு அப்பாவுக்கு 'அபூ', அம்மாவுக்கு 'உம்' சேர்த்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். தெருவில் எந்தப் பிள்ளை ஓடினாலும் அது தலையால் வந்ததா காலால் வந்ததா என்று சொல்லக்கூடியவர். மூன்றாவது ஆள், பூகோள வாத்தியாராக இருந்த மன்ஸூர். அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அவர் வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அங்கே பள்ளி வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பளிச்சென்று வந்தார்கள். அபூ நவ்ஃபல் காலணிக்கு மெருகு போட்டிருந்தார். வஜீஹா வாசலிலேயே வரவேற்று, தன் அறையில் உட்கார வைத்து, கெண்டியை இடது கையில் ஏந்திக் காப்பி ஊற்றினார். காப்பிக்குப் பிறகு கற்பூரவள்ளி போன்ற, மரமிய்யா என்ற இலை போட்ட இனிப்புத் தேநீர். தேநீரோடு பேரீச்சம்பழம் வைத்த பணியாரம். பிறகு பள்ளியைச் சுற்றிக் காட்டினார், முக்கியமாக மதிலை. அதற்குள் மணி அடித்துவிட்டது. விருந்தாளிகளை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

லமீஸ் வராந்தாவில் காத்திருந்தாள். "ஸித், அவங்க எப்ப வகுப்புக்கு வருவாங்க?"

"நல்லா கேட்ட போ. வந்த அன்னிக்கே வேலையக் குடுத்தா, கூலிக்குக் கூப்பிட்டோம்னு நினைக்க மாட்டாங்களா?"

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த மலையில் அதோடு ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை வந்தவரிடம் எதற்கு வந்தாய் என்று கேட்பது மரியாதையில்லை. வஜீஹா அந்தக் கணக்கைச் சுத்தமாகக் காப்பாற்றினார். சிக்கல் என்னவென்றால், தினமும் காலையில் அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

இரண்டாவது வாரம் பழைய மேசை அறையைக் காலி செய்தார். லமீஸுக்கு முகம் மலர்ந்தது. மறுநாள் அந்த அறைக்குள் வஜீஹாவின் வீட்டுச் சோபாக்கள் வந்து இறங்கின. மெரூன் நிறம், தங்கச் சரிகை ஓரம். உயர்ந்த இடத்தில் காப்பிக் கெண்டி. கீழே கம்பளம். வாசிப்பு அறை கேட்டால் வரவேற்புக் கூடம் கிடைத்தது. விருந்தாளிகளை மூட்டை போல என் அறையில் எத்தனை நாள் அடைத்து வைப்பது, அவர்களுக்கென்று ஒரு இடம் வேண்டாமா என்று கேட்டார் வஜீஹா. லமீஸ் சோபாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "துணி நல்ல துணி" என்று மட்டும் சொன்னாள்.

விருந்தாளிகள் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். பார்க்கட்டுமே. ஜுமானா என்ற பெண் வரவழைக்கப்பட்டாள். பள்ளியிலேயே கணீரென்ற குரல் அவளுக்கு. கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மேலே உயர்த்தி, தாய்நாட்டைப் பற்றிய ஒரு கவிதையை முழங்கினாள். மூவரும் கைதட்டினார்கள். மறுநாளும் ஜுமானா வந்தாள், அதே தாய்நாட்டோடு. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் அபூ நவ்ஃபலின் உதடுகள் அவளுக்கு முன்பாகவே அசைந்தன.

படிக்க வராத ஒன்பது பேரை மட்டும் வஜீஹா வெளியே காட்டவில்லை. இங்கேதான் அவர் மனதுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கிழிந்த பாயை யாராவது வருகிறவர் கண்ணில் படும்படி விரிப்பார்களா? தன் பள்ளியில் மூன்றாவது வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையில் அது அவரை ராத்திரியில் அரித்த விஷயம். விருந்தாளிகள் போய் நாலு இடத்தில் சொன்னால்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் அந்த ஒன்பது பேரையும் ஒதுக்கிவிட்டதாக இருக்கவும் கூடாது. அதனால் அவர்களுக்கு ஒரு கௌரவம் கொடுத்தார். பணியாரத் தட்டுத் தூக்குவது, கம்பளம் தட்டுவது, கோப்பை கழுவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எப்படியும் வகுப்பில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் நினைத்தார்.

ஜனவரி பிறந்தது. ஒரு நாள் லமீஸ் கூடத்தின் வாசலில் வந்து நின்றாள். விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள்.

"என் ஒன்பது பேர் எங்க ஸித்?"

"கோப்பை கழுவறாங்க. இதோ வந்துருவாங்க."

"ஒரு மாசமாச்சு. முன்னாடி என்கிட்டயாவது அஞ்சு நிமிஷம் கிடைச்சுது அவங்களுக்கு. இப்ப அதுவும் போச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லணும். ஹனீன் ஆறு கோப்பை வெச்ச தட்டை ஒரு சொட்டுச் சிந்தாம தூக்கறா. நல்ல தொழில். சோறு போடும்."

வஜீஹா முகம் சிவந்தது. "நான் என்ன தப்பாப் பண்ணிட்டேன் இப்ப? கேட்ட, கூட்டிட்டு வந்தேன்."

"கூட்டிட்டு வந்தீங்க, உக்கார வெச்சுட்டீங்க. ஸித், அந்த அம்மான் பள்ளிக்கூடத்துக்கு நான் சரின்னு சொல்லிட்டேன். அரையாண்டு லீவு விடற வியாழனோட கிளம்பறேன்."

அதற்கு அடுத்து சொல்ல வேண்டிய வார்த்தை இரண்டே இரண்டுதான். அது வஜீஹாவின் தொண்டை வரை வந்தது. வந்து, அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"உன் இஷ்டம்" என்றார்.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த வாரமே விருந்தாளிகளும் நின்றுவிட்டார்கள். மன்ஸூருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். உம் ஜரீருக்கு மகள் வீட்டில் வேலையாம். அபூ நவ்ஃபலுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லையாம். வஜீஹா ஆடிப்போனார். என்ன குறை வைத்தேன் என்று யோசித்தார். பணியாரத்தில் நெய் குறைந்ததோ? நோயாளியை விசாரிக்காமல் இருப்பது அழகல்ல என்று, ஒரு கிலோ ஆரஞ்சோடு அபூ நவ்ஃபல் வீட்டுக்குப் புறப்பட்டார்.

பாதிப் படிக்கட்டில் அவருக்கு முன்னால் ஒரு மனிதர் தோளில் எரிவாயு உருளையை வைத்துக்கொண்டு, ஒரு படி விட்டு ஒரு படி தாவி ஏறிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தால் தெரிந்த முதுகாக இருந்தது.

"முழங்கால் எப்படி இருக்கு அபூ நவ்ஃபல்?"

மனிதர் திரும்பினார். உருளை தோளிலேயே நின்றது, முகம் மட்டும் இறங்கியது. "இப்பதான் ஸித், இந்த நிமிஷம்தான் கொஞ்சம் தேவலைன்னு ஆச்சு. உங்க காலடி பட்ட நேரம்."

வீட்டில் அவர் மனைவி உம் நவ்ஃபல் கணவரைப் போல நயம் பேசத் தெரியாதவள். ஆரஞ்சை வாங்கிக்கொண்டே அவிழ்த்துவிட்டாள். "ஸித், கோச்சுக்காதீங்க. உங்க காப்பியக் குடிச்சிட்டு வந்து இந்த மனுசன் ராப்பூரா கூரையப் பாத்துட்டுக் கெடக்கறாரு. கண்ணசந்தா தாய்நாடுன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. நான் என்ன எதிரி நாடா?"

"அடியே, வாயை மூடு" என்றார் அபூ நவ்ஃபல். வஜீஹாவின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

வேறு யாராவது என்றால் இதிலேயே புரிந்துகொண்டிருப்பார்கள். வஜீஹாவும் புரிந்துகொண்டார், தனக்கு வேண்டியபடி. காப்பி ஒத்துக்கொள்ளவில்லை, கவிதை சலித்துவிட்டது. அவ்வளவுதானே? இனி மரமிய்யா தேநீர் மட்டும். ஜுமானாவுக்குப் பதில் இன்னொரு பெண், இன்னொரு கவிதை. வசந்த காலத்தைப் பற்றி. "ஞாயித்துக்கிழமை அவசியம் வரணும். எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அது லமீஸின் கடைசி வாரம். ஞாயிறு காலை மூவரும் சேர்ந்தே வந்தார்கள். சிரிப்பில்லாத முகங்கள். சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஹனீன் தேநீர்த் தட்டோடு வந்தாள். மூவரும் தேநீரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காப்பி இல்லையா ஸித்?" என்றார் அபூ நவ்ஃபல்.

"உங்களுக்குத்தான் ஒத்துக்கலையே. அதான் மாத்திட்டேன்."

"இல்ல... காப்பிதான் வேணும். சாயாவ வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

வஜீஹாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைத்தானே அவர் எதிர்பார்த்தார். பள்ளியின் காப்பியை ஒரு வாரம் குடிக்காமல் இருக்க முடியவில்லை பாருங்கள். ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்து, மூன்று கோப்பையிலும் தானே ஊற்றிக் கொடுத்தார்.

அபூ நவ்ஃபல் கோப்பையை வாங்கி, குனிந்து, கம்பளத்தின் மேல் வைத்தார். உம் ஜரீர் வைத்தார். மன்ஸூரும் வைத்தார். மூவரும் கையை மடியில் கட்டிக்கொண்டார்கள்.

வஜீஹா மூன்று கோப்பைகளையும் பார்த்தார். எத்தனை வீடுகளில் இதைச் செய்திருக்கிறார். தனக்கு முன்னால் யாராவது செய்வார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. காப்பியின் மேல் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. முதலில் என்ன என்று கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்வது அற்பர்கள் வழக்கம். வஜீஹா அற்பர் இல்லை. அதோடு, கல் வியாபாரி அன்றைக்கு எப்படி விழித்திருப்பார் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"குடிங்க" என்றார். "வந்த காரியம் முடிஞ்சுது."

குடித்தார்கள். அபூ நவ்ஃபல் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"ஸித், இந்தத் தட்டுத் தூக்கற பிள்ளைங்க இருக்கில்ல, அதுங்களத்தான் கேட்டு வந்தோம். அதுங்களுக்குப் படிக்க வரலன்னு எங்களுக்குத் தெரியும். அன்னிக்குப் பணியார டப்பால இருந்த பேர என்னன்னு அந்தப் பொண்ணுகிட்ட விளையாட்டாக் கேட்டேன். அது டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இனிப்பு'ன்னு சொல்லுச்சு. அதுல இருந்து எனக்குத் தூக்கம் வரல. காப்பியால இல்ல."

வஜீஹா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே சோற்றைத் தினமும் இவர்களுக்குப் பரிமாறியிருக்கிறார்.

"அதுங்களையா?" என்றார் கடைசியில், மிக மெதுவாக. "நல்லாப் படிக்கற பிள்ளைங்க எத்தனையோ இருக்கு. இதுங்களைப் போய் நீங்க... அந்த நிலைமையில பாத்தா..."

"இந்தா வஜீஹா" என்றார் உம் ஜரீர். "இதுல பாதிப் பேரை இந்தக் கையாலதான் வெளிய எடுத்தேன். துணியில்லாம, தலைகீழா, கத்திக்கிட்டு வந்ததுங்க. அதைவிட மோசமான நிலைமையில இனிமே என்ன பாக்கப் போறேன்?"

வஜீஹாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் இருமினார்.

"இன்னொண்ணு" என்றார் மன்ஸூர். "நான் வாயைத் திறக்க மாட்டேன். பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"வீட்டுலயும் செல்லுமான்னு கேட்டா."

சோபாக்களை அபூ நவ்ஃபலே முதுகு கொடுத்துச் சுவரோரமாகத் தள்ளினார். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன நாற்காலிகள் வந்தன. பெரியவர்கள் அதில் உட்கார்ந்தபோது முட்டி காதுக்கு வந்தது. ஒன்பது பேரை மூன்றாகப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று, முதல் நாளைக்கு அது அதிகம். வஜீஹா நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் லமீஸிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்று கேட்ட மாதிரி ஆகிவிடுமே.

அவர் பங்குக்கு ஹனீன் வந்தாள். எதிரே உட்கார்ந்து, எழுத்தின் மேல் விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாதுளம்பழப் படம் போட்ட பக்கம். முதல் எழுத்து உதட்டில் வந்தது. இரண்டாவது எழுத்துக்கு அவள் யோசிப்பதற்குள் வஜீஹா "மாதுளை" என்றார். அடுத்தது "மரம்". அதற்கடுத்தது "தோட்டம்". கோப்பை காலியாவதற்குள் ஊற்றிப் பழகிய கை. வாயும் அதே ஜாதி.

ஹனீன் நிமிர்ந்து பார்த்தாள். "ஸித், எல்லாத்தையும் நீங்களே படிச்சிட்டா, நான் போய்த் தட்டை எடுத்துட்டு வரட்டுமா?"

கேலிக்குக் கேட்கவில்லை அந்தப் பெண். உண்மையாகவே கேட்டாள். வஜீஹாவுக்கு யாரோ பிடரியில் அடித்தது போலிருந்தது. பக்கத்து நாற்காலியில் மன்ஸூரின் எதிரே ஒரு பையன் ஒரே வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்ற மனிதர் உதட்டை உள்ளே மடித்துக் கடித்து, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தார். பூகோளம் முழுவதும் அவர் தொண்டையில் நின்றது. அவரால் முடிகிறதே. வஜீஹா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"இல்ல மகளே. தட்டு வேண்டாம். நீ படி. நான் ஒண்ணும் சொல்லல."

எவ்வளவு நேரம் ஆனதோ. ஒரு சின்ன வார்த்தைக்கு அத்தனை நேரமா என்று அவர் மனம் துடித்தது. பிறகு ஹனீன் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, சரியா என்று கேட்கக்கூட மறந்து, தானே அடுத்ததற்கு விரலை நகர்த்தினாள்.

மீதி நாலு நாளும் இப்படிப் போனது. வாசலில் வரவேற்பு இல்லை, பணியாரம் இல்லை. வருகிறவர்கள் நேராகச் சின்ன நாற்காலிக்குப் போனார்கள். பள்ளியின் உதவியாள் மட்டும், கழுவுவதுதான் பிள்ளைகளிடம் போயிற்று, இப்போது கோப்பையே இல்லை, என் வேலை போய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாள். லமீஸ் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் ஒன்பது பேர் எழுந்து போவதையும், ஒரு மணி கழித்துக் கையில் தட்டு இல்லாமல் திரும்பி வருவதையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வஜீஹாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு கர்வம் பிடித்த பெண்கள் இருந்தால் சுவர்தான் பாவம்.

வியாழக்கிழமை கடைசி மணி அடித்து, பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போனார்கள். தன்னார்வலர்களும் போய்விட்டார்கள். வஜீஹா மட்டும் அந்த அறையில் சின்ன நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் நாள் முடிந்துவிடும்.

லமீஸ் உள்ளே வந்தாள். ஒரு கையில் வகுப்பு அலமாரியின் சாவி. மறு கையில் ஒரு கோப்பைக் காப்பி.

"ஆபீஸ்ல உங்களைக் காணோம். போறதுக்கு முன்னாடி நானே ஒரு காப்பி போட்டுக் குடுத்துட்டுப் போலாம்னு தோணுச்சு" என்றாள். "இந்தப் பள்ளிக்கூடத்துல உங்களுக்கு யாரும் ஊத்திக் குடுத்ததில்லையே."

வஜீஹா கோப்பையை வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். பிறகு அதைக் குட்டி மேசையில், மாதுளம்பழப் பக்கத்துக்கு அருகில் வைத்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

லமீஸ் கோப்பையைப் பார்த்தாள். "என்ன ஸித் இது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"வெச்சுட்டீங்களே."

"ஆமா. வெச்சுட்டேன்."

மழை ஜன்னலில் அடித்தது. லமீஸ் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள், முட்டி காதுவரை வர. "கல் வியாபாரிகிட்ட மதில் வாங்கின மாதிரி என்கிட்டயும் வாங்கிடலாம்னு பாக்கறீங்க. கோப்பை பேசினாப் பத்தாது ஸித். எனக்கு வாயால கேக்கணும். ஒரு தடவையாவது."

வஜீஹா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. லமீஸ் எடுத்துக் கொடுக்கவில்லை. தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்பது பேரின் பொறுமையான ஆசிரியை அவள். விரல் கூட அசைக்காமல் காத்திருந்தாள்.

"போ..." என்றார் வஜீஹா. நிறுத்தினார். அந்த வயதில் அந்தப் பதவியில் ஒரு பெண் எழுத்துக் கூட்டுவது பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "போகாதே மகளே. நீ இல்லாம எனக்கு ஓடாது."

லமீஸ் தலையைக் குனிந்துகொண்டாள். சாவியை எடுத்துத் தன் பையிலேயே போட்டாள். "அம்மானுக்குப் போன் பண்ணிச் சொல்லணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேசையிலிருந்த கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சு. வேற கொண்டாறேன், அதைக் குடிங்க."

கெண்டியோடு வந்து ஊற்றினாள். வஜீஹா குடித்தார். லமீஸுக்குப் பிள்ளைகளை மேய்க்க வரும், காப்பி போட மட்டும் சுத்தமாக வராது. கொட்டை கரிந்து, ஏலக்காய் ஏதோ நினைவில் தவறி விழுந்தது போல் இருந்தது. வஜீஹா கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். பிறகு கோப்பையை ஆட்டாமல் அவளிடம் நீட்டினார்.